வேலைக்குப் போறாருன்னு சொன்னது யாரு?

“தூக்குங்கண்ணே! மெதுவா... சத்தம் போடாம!”

ரெஹானா கணவனின் இரண்டு கால்களையும் சேர்த்து அள்ளிக்கொண்டாள். தலைமாட்டில் ஆட்டோக்காரர் சுருளியாண்டி. நடுவில் அப்துல் வாஹித். சலவைச் சட்டை, புதுக் கைலி, வாய் நிறையக் கேள்வி.

“பதினோரு மணிக்குத்தானடி விசாரணை? விடிஞ்சும் விடியாம எதுக்கு இந்த ஓட்டம்? மச்சி கார் சொல்லியிருக்காகல்ல?”

“கார் ரிப்பேராம்.”

பொய் கூசாமல் வந்தது. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

“யார் சொன்னா?”

“கார்தான் சொல்லுச்சு. காலை மடக்குங்க... ப்ச், நான் மடக்குறேன்.”

சக்கர நாற்காலியை மடித்து ஆட்டோவின் பின்னால் கயிறு போட்டுக் கட்டினார் சுருளியாண்டி. வாஹித்தோடு எஸ்டேட் ஜீப் ஓட்டியவர். ஒரே தட்டில் புரோட்டா தின்ற சிநேகம். வாஹித்துக்கு நேர்ந்த விபத்துக்குப் பிறகு மலைப்பாதையே வேண்டாம் என்று ஆட்டோவுக்கு மாறிவிட்டார்.

“தங்கச்சி, ஆளைக் கடத்துற கணக்காவுல இருக்கு. போலீசு மறிச்சா நான் வாடகைக்கு வந்தவன்னு சொல்லிருவேன், ஆமா.”

“வண்டிய எடுங்கண்ணே!”

அவள் கண் மாடியில் இருந்தது. மாடி ஜன்னலில் விளக்கு எரிந்தது. சமீனா எழுந்துவிட்டாள்.

ஆட்டோ இரண்டு முறை இருமி, மூன்றாவது முறை உயிர் பெற்றது. உத்தமபாளையத்தின் அந்தக் குறுகிய தெருவில் அது போட்ட சத்தத்துக்கு மாடிக் கதவு திறக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

திறந்தது.

“ரெஹானா! ஏ ரெஹானா! எங்கன போறீக? நில்லு!”

ரெஹானா திரும்பவில்லை. ஆனால் ஆட்டோக் கண்ணாடி சும்மா இருக்கவில்லை. அதில் சமீனா தெரிந்தாள். மாடிக் கைப்பிடிச் சுவரில் பாதி உடம்பு தொங்க, கையில் எதையோ பிடித்து ஆட்டிக்கொண்டு.

“மச்சி கூப்புடுறாக போலருக்கே?” என்றான் வாஹித்.

“போயிட்டு வாங்கன்னு சொல்றாக,” என்றாள் ரெஹானா.

ஆட்டோ முக்கு திரும்பியது. கண்ணாடியில் இருந்து சமீனா மறைந்தாள். ரெஹானாவுக்குப் பல நாளாகச் சிக்காத மூச்சு அப்போதுதான் முழுதாக உள்ளே போனது.

சமீனா வேறு யாருமில்லை. வாஹித்தின் அண்ணன் முஜிபுர் ரஹ்மானின் மனைவி. வாஹித்துக்கு மச்சி, ரெஹானாவுக்கு ஓரகத்தி. ஒரே வாசல், ஒரே தண்ணீர்த் தொட்டி. மாடியில் அவர்கள், கீழே இவர்கள்.

வாஹித் கம்பம்மெட்டு வளைவில் ஜீப்போடு உருண்டபின் இரண்டு நோன்பு வந்து போய்விட்டது. ஜீப்பில் இருந்த ஏலத்தோட்டத்துப் பெண்கள் அத்தனை பேரையும் குதிக்கச் சொல்லிவிட்டுக் கடைசி வரை ஸ்டீரிங்கைப் பிடித்திருந்தவன் அவன் ஒருவன்தான். முதுகெலும்பு போனது. இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. அரசாங்கம் தரும் மாதாந்திர பராமரிப்பு உதவித்தொகைக்கு மனு போட்டார்கள். மருத்துவக் குழு சான்று கொடுத்தது. அடையாள அட்டை வந்தது. எல்லாம் கூடி வந்த நேரத்தில் ஒரு தாள் வந்து அத்தனையையும் கவிழ்த்தது.

‘மனுதாரர் வேலைக்குச் சென்று வருமானம் ஈட்டி வருவது நேரடி விசாரணையில் தெரிய வருவதால், மனு நிராகரிக்கப்படுகிறது.’

எழுந்து தண்ணீர் குடிக்க முடியாதவன் வேலைக்குப் போகிறானாம்!

மேல்முறையீடு செய்தார்கள். அதன் விசாரணை இன்று. இதிலும் தோற்றால் அப்புறம் கோர்ட்டுதான். அதற்கு இவர்களிடம் தெம்பும் கிடையாது, ஆளும் கிடையாது.

மனு எழுதியது சமீனா. ஆஸ்பத்திரிக்கு அலைந்தது சமீனா. மேல்முறையீடு என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்ததும் பி.காம். படித்த அதே சமீனாதான். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் “அந்த மேடத்தை வரச் சொல்லும்மா” என்பார்கள் ரெஹானாவிடம். கட்டின பெண்டாட்டி பை தூக்குகிற ஆள் மாதிரி ஓரமாக நிற்க வேண்டும்.

அதைக்கூடப் பொறுத்திருப்பாள். வீட்டுக்குள் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

“மச்சியக் கேளு.” “மச்சி என்ன சொன்னாக?” “மச்சி வரட்டும்.” இதுதான் இப்போதெல்லாம் வாஹித்தின் பேச்சு. மாத்திரை போடுவதற்குக்கூட மாடியைப் பார்த்தான். ஒரு நாள் தேனி ஆஸ்பத்திரிக்கு அவனைச் சமீனாவும் முஜிபுரும் காரில் கூட்டிப்போனார்கள். “உனக்கு எதுக்கு அலைச்சல்?” என்று ரெஹானாவை வீட்டில் விட்டுவிட்டார்கள். சாயங்காலம் திரும்பி வந்தபோது வாஹித் சிரித்துக்கொண்டிருந்தான். விபத்துக்குப் பிறகு அவன் சிரித்து அவள் பார்த்தது அன்றுதான்.

யாரோ ஊதின அடுப்பில் தன் வீட்டுச் சோறு வெந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

இப்போது இரண்டு மாதமாக அது முற்றிவிட்டது. நிராகரிப்புத் தாள் வந்த வாரத்தில் இருந்து சமீனா அடிக்கடி கீழே வந்தாள். கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு இருவரும் கிசுகிசுவென்று பேசுவார்கள். ரெஹானா உள்ளே நுழைந்தால் பேச்சு அறுந்துவிடும். ஒரு தரம் சமீனா அவசரமாகக் கண்ணைத் துடைத்ததை அவளே பார்த்தாள்.

கொழுந்தனிடம் அழுகிற அளவுக்கு என்ன ரகசியம்?

ரெஹானா கூட்டிக் கழித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். விசாரணைக்கு வந்த ஆளிடம் ‘வேலைக்குப் போகிறார்’ என்று சொன்னது சமீனாதான். வாஹித்துக்குச் சொந்தமாக ஒரு வருமானம் வந்துவிட்டால், மாடியைப் பார்க்கிற பார்வை குறைந்துவிடுமே! கொடுக்கிற கைக்கு எப்போதும் உயரத்தில் இருந்தால்தான் ருசி.

அதனால்தான் இன்றைய கடத்தல். சமீனா இல்லாமல், தானே போய், தானே பேசி, தானே ஜெயித்து வருவது. அப்புறம் மாடி ஜன்னலைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பது.

சின்னமனூர் தாண்டி வாழைத் தோப்புகள் இரண்டு பக்கமும் ஓடத் தொடங்கின. ரெஹானாவின் கைப்பை விடாமல் உறுமியது.

“தங்கச்சி, உன் பையில வண்டு கத்துது,” என்றார் சுருளியாண்டி.

“ஏய், அது என் போனுல்ல?” வாஹித் கை நீட்டினான். “குடு இங்கன.”

“அப்புறம் பேசிக்கலாம்.”

“மச்சிதான் அடிப்பாக. குடுடி!”

“ஏன், மச்சி இல்லாட்டி உங்களுக்கு மூச்சு வராதா?”

சுருளியாண்டி கண்ணாடியைத் திருப்பி ரோட்டை ரொம்பக் கவனமாகப் பார்த்தார்.

வாஹித் குரலைத் தாழ்த்தினான். “ரெஹானா, சொல்றதக் கேளு. இன்னிக்கு மச்சி இல்லாம நான் உள்ள போக மாட்டேன்.”

“அப்ப நான் யாரு?”

“நீதான் எனக்கு எல்லாம். ஆனா இன்னிக்கு அவுக வேணும்.”

“எதுக்கு?”

அவன் முகத்தைத் திருப்பி வெளியே பார்த்தான். அது அவள் நெஞ்சில் மிளகாய் அரைத்தது.

வீரபாண்டிக்குள் நுழையும்போது அவள் வேறு ஒன்றை நினைத்துத் தன்னைத் தேற்றிக்கொண்டாள். மதீனாவின் கல்யாணம்.

மதீனா, வாஹித்தின் தங்கை. பெரியகுளத்துச் சம்பந்தம். பெண் பார்க்க வருவதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டில் இருந்து துப்பு விசாரிக்க ஒரு ஆள் வரும் என்பது எல்லா வீட்டிலும் தெரிந்த கதைதான். யாரோ போல வருவார்கள். தண்ணீர் கேட்பார்கள். வீட்டு ஆண்களைப் பற்றி நைசாக விசாரிப்பார்கள். எந்த ஊர், என்ன விஷயம் என்று திருப்பிக் கேட்கக் கூடாது. கேட்டால் மரியாதை இல்லை. தெரிந்தும் தெரியாத மாதிரி, வாய் நிறையப் பேசி அனுப்ப வேண்டும்.

அந்த ஆள் வந்தபோது வாசலில் நின்றது ரெஹானா. சமீனா இல்லை. ரெஹானா பேசின பேச்சில்தான் சம்பந்தம் முடிந்தது. திரைக்குப் பின்னால் நின்று கேட்ட மாமி, வாஹித்தின் அம்மா, ராத்திரி எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னாள்: “சின்னவ என்ன பேச்சுப் பேசுனா தெரியுமா! மூத்தவளுக்கு இந்தச் சமத்து வராது.”

மூத்தவளுக்கு வராது. அந்த ஒரு வாக்கியத்தை ரெஹானா இன்றைக்கும் கற்கண்டு மாதிரி கன்னத்தில் அடக்கி வைத்திருந்தாள்.

தேனி. அலுவலக வாசல். பத்து மணிக்குக் கதவு திறந்ததும் சாய்தளத்தில் நாற்காலியைத் தள்ளி ஏற்றியபோது அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. நெஞ்சு மட்டும் நிமிர்ந்திருந்தது. முன்வரிசையில் போய் நின்றாள்.

“அசல் அடையாள அட்டையைக் குடுங்கம்மா,” என்றார் எழுத்தர்.

ரெஹானா ஃபைலைத் திறந்தாள். நகல் இருந்தது. சான்று இருந்தது. ரேஷன் கார்டு, ஆதார், போட்டோ எல்லாம் இருந்தன.

அட்டை இல்லை.

“நேத்து மச்சி இன்னொரு நகல் எடுக்க வாங்கிட்டுப் போனாக,” என்றான் வாஹித், அவளைப் பார்க்காமல்.

மாடியில் இருந்து சமீனா ஆட்டிக் காட்டியது எது என்று ரெஹானாவுக்கு இப்போது புரிந்தது.

“அசல் இல்லாம விசாரணை நடக்காதும்மா. தேதி மாத்தி வாங்கிக்கங்க. அடுத்து?”

“சார், சார்... கொஞ்சம் பொறுங்க சார்...”

“அடுத்து!”

“இந்தாங்க சார், அட்டை.”

பின்னால் இருந்து ஒரு கை நீண்டது. சமீனா. புர்கா முழுக்கப் புழுதி. ஸ்கூட்டரிலேயே அவ்வளவு தூரமும் வந்திருக்கிறாள். கண்கள் காற்றில் சிவந்திருந்தன.

“வாங்க மேடம்,” என்றார் எழுத்தர். முகம் உடனே மலர்ந்துவிட்டது. “நீங்க வரலையேன்னு பாத்தேன்.”

ரெஹானாவுக்குத் தரை பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

சமீனா கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் கொடுமை. கூடையில் இருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினாள்.

“இட்லி வச்சிருக்கேன். ரெண்டு பேரும் வெறும் வயிறாத்தான் கெளம்பிருப்பீக.”

“எனக்குப் பசிக்கல,” என்றாள் ரெஹானா.

“எனக்குப் பசிக்குது,” என்றான் வாஹித். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. சமீனாவைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். அவளும் அசைத்தாள்.

பார்த்தாயா? சாடை!

மேல்முறையீட்டு அதிகாரி ஒரு பெண்மணி. கண்ணாடிக்கு மேலே பார்த்துப் பேசுகிறவர். ஃபைலை ஒருமுறை புரட்டினார், வாஹித்தை ஒருமுறை பார்த்தார்.

“எண்பது சதவீதம் பாதிப்பு. மருத்துவச் சான்றில் குறை எதுவும் இல்லை. உங்களைப் பார்த்தாலே எனக்குத் தெரியுது. ஆனா தெரியுதுங்கிறதுக்காக உத்தரவை மாத்திட முடியாது. நேரடி விசாரணையில வேலைக்குப் போறதா பதிவாகியிருக்கு. அண்டை அயலார் சொல்லலை. உங்க வீட்டுப் பெண் ஒருத்தரே சொன்னதா இருக்கு.”

வீட்டுப் பெண்!

ரெஹானா மெல்லத் திரும்பிச் சமீனாவைப் பார்த்தாள். மாமி அந்நிய ஆள் முன்னால் வர மாட்டாள். மதீனா பகலெல்லாம் தையல் வகுப்பில். விசாரிக்க வீட்டுக்கு வந்த எந்த அதிகாரியையும் தான் பார்த்ததில்லை. மிச்சம் யார்?

“சொன்னது யாரு?” என்றார் அதிகாரி. “அவங்களே வந்து, தெரியாம சொல்லிட்டேன்னு எழுதிக் கொடுத்தா எனக்கு ஒரு வழி இருக்கு. இல்லாட்டி இந்த ஃபைல் இங்கேயே முடிஞ்சது.”

வாஹித்தின் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது.

“நான்தான் மேடம்,” என்றாள் சமீனா.

ரெஹானாவின் காதில் மேளம் கொட்டியது.

“வெளியாள்னு நெனச்சுக் குடும்ப கௌரவத்துக்காகச் சொல்லிட்டேன். அவரு வேலைக்குப் போறதில்ல. போகவும் முடியாது. தப்பு என்னோடது.”

“எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

சமீனா எழுதினாள். கை ஒருதரம்கூட நிற்கவில்லை. அதிகாரி அதை வாங்கிப் படித்துவிட்டு ஃபைலில் செருகினார்.

“நல்லது. விசாரணைக்குப் போன ராக்கையாவையும் வரச் சொல்லியிருக்கேன். வந்துகிட்டிருக்கார். ஆமா, சொன்னது இவங்கதான்னு அவரும் ஒரு வார்த்தை சொல்லிட்டா, இன்னைக்கே உத்தரவை மாத்திடலாம். வெளியே உட்காருங்க.”

அந்தக் கணம் சமீனாவின் முகம் வெளுத்தது. ரெஹானா அதை ஒரு சொட்டு விடாமல் பார்த்தாள். குட்டு உடைந்தால் வெளுக்காதா பின்னே!

தாழ்வாரம். வரிசையாக நாற்காலிகள். ரெஹானா உட்காரவில்லை.

“நெனச்சேன். அன்னிக்கே நெனச்சேன்.”

“ரெஹானா, இங்கன வேணாம்,” என்றான் வாஹித்.

“ஏன், மச்சியச் சொன்னா வலிக்குதா? இவ்வளவு நாளு யாரு குடியக் கெடுத்தான்னு தெரியாம தெருவெல்லாம் சாபம் விட்டுக்கிட்டுத் திரிஞ்சேன். பாத்தா, மேல் மாடியிலயே உக்காந்திருக்கு!”

“ரெஹானா...” என்றாள் சமீனா.

“பேசாதீக அக்கா! உங்களுக்கு என்ன கொறை? நடக்குற புருசன். சம்பாதிக்கிற புருசன். பைக்குல பின்னாடி உக்காந்து போறீக, வர்றீக. எனக்குன்னு இருந்தது இந்த ஒரு மனுசன். இவரோட சிரிப்பு, இவரோட பேச்சு. அதையும் கொஞ்சங் கொஞ்சமா மாடிக்குக் கடத்திட்டீக. போதாதுன்னு அவருக்கு வர்ற ஒத்தை வருமானத்தையும் வாயால கெடுத்தீக. மகாராணி மனு எழுதணும், மகாராணி கார் அனுப்பணும், நாங்க கீழ நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டே கெடக்கணும். அதான ஆசை?”

பக்கத்து நாற்காலிக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினார்கள். குழந்தையோடு வந்திருந்த ஒருத்தி குழந்தையின் அழுகையை அடக்கியது இதைக் கேட்பதற்காகத்தான்.

சமீனா பாட்டில் மூடியைத் திருகித் திறந்தாள்.

“பேசி முடிச்சிட்டியா? தண்ணி குடி.”

“உங்க தண்ணி எனக்கு வேணாம்!”

“வாயை மூடுடி!” வாஹித் கத்தினான். அவன் கண்கள் கலங்கியிருந்தன. “நீ யாரைப் பேசுறேன்னு உனக்குத் தெரியல.”

“நல்லாத் தெரியும்! அவுகளே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காக!”

அப்போதுதான் தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் ஒரு குரல் கேட்டது.

“அட, ஆத்தா! நல்லாருக்கியா?”

வெள்ளை வேட்டி, மடக்குக் குடை, கையில் மஞ்சள் பை. நெற்றி வியர்வையைத் துண்டால் ஒற்றிக்கொண்டு சிரித்த முகமாக ஒரு பெரியவர் நேராக ரெஹானாவிடம் வந்தார்.

“நீ அன்னிக்குக் குடுத்த தம்ரூட்டு இருக்கே... என் வீட்டுல இன்னமும் அதத்தான் பேசிக்கிட்டிருக்காக. ரவையில அப்படி ஒரு பலகாரமா!”

ரெஹானாவின் முகம் மலர்ந்தது. சரியான நேரத்தில் வந்தாரய்யா! மூத்தவளுக்கு வராத சமத்துக்குச் சாட்சி சொல்ல ஆள் நடந்தே வந்திருக்கிறது.

“வாங்கண்ணே, வாங்க!” தலைத் துணியைச் சரிசெய்துகொண்டு கணவன் பக்கம் திரும்பினாள். குரல் சமீனாவுக்குக் கேட்கிற அளவுக்கு உயர்ந்தது. “மதீனா சம்பந்தத்துக்கு முன்னாடி பெரியகுளத்துல இருந்து துப்பு விசாரிக்க ஒருத்தர் வந்தாகல்ல? நான்கூடப் பேசி அனுப்பினேனே? அவுகதான் இவுக!”

பெரியவர் விழித்தார்.

“பெரியகுளமா? எனக்கு அங்கன யாரும் கெடையாதே ஆத்தா.”

“இல்லண்ணே... மாப்பிள்ளை வீட்டுல இருந்து...”

“எந்த மாப்பிள்ளை வீடு? நான் மனு விசாரிக்கல்ல வந்தேன்! ராக்கையா. அப்துல் வாஹித்துன்னு ஒருத்தர் உதவித்தொகைக்குப் போட்டிருந்தாக. வாசல்ல நீதான் நின்ன. வீட்டுல இருக்காகளா, எப்படி இருக்காகன்னு கேட்டேன். ‘எங்க வீட்டுக்காரருக்கு என்ன கொறை? மேல எஸ்டேட்டுல சூப்பர்வைசரு. அவரே ஜீப்பை ஓட்டிட்டுப் போயிருக்காரு, அந்த வளைவுல அவரை மாதிரி ஓட்ட ஆள் கெடையாது’ன்னு அடுக்குனியே. என்னா சந்தோசமாச் சொன்ன! நானும், நல்லாருக்கட்டும்னு அப்படியே எழுதிக் குடுத்துட்டேன்.”



ராக்கையாவின் பார்வை அப்போதுதான் சக்கர நாற்காலிக்கு இறங்கியது. புதுக் கைலி. அதற்குக் கீழே குச்சியாகத் தொங்கிய கால்கள்.

“இது யாரு ஆத்தா?”

ரெஹானா தலைத் துணியை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

“வாஹித்,” என்றான் அவனே. “ஜீப் ஓட்டுறவன்.”

பெரியவரின் கையில் இருந்த குடை கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவர் நிமிர நேரம் பிடித்தது.

அந்த நாள் ரெஹானாவின் கண்முன் ஒவ்வொன்றாக வந்து நின்றது. மாமியும் அவளும் மட்டும் இருந்த வீடு. ‘உனக்கு எதுக்கு அலைச்சல்?’ காரில் சமீனா, வாஹித், முஜிபுர். வெந்துகொண்டிருந்த அவள் மனசு. வாசலில் ஒரு அந்நியர். இவரிடமாவது என் புருஷன் யாருக்கும் சளைத்தவன் இல்லை என்று சொல்லிவிட வேண்டும். அன்று அவள் ஏமாற்ற நினைத்துச் சொல்லவில்லை. முன்பு இருந்த வாஹித்தைத்தான் ஒரு படி உயர்த்திச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் எழுந்து நடமாடியது மாதிரி இருந்தது, அதனால் நிறுத்த மனம் வரவில்லை.

அன்று சமீனா வீட்டிலேயே இல்லை.

வீட்டில் இல்லாதவள் எப்படிச் சொல்லியிருக்க முடியும்?

“ராக்கையா! ராக்கையா வந்தாச்சா?” உள்ளே இருந்து அழைப்பு வந்தது. “மேடம் கூப்புடுறாக!”

“இந்தா வந்துட்டேன்...” பெரியவர் இரண்டடி வைத்தார். திரும்பி மூவரையும் குழப்பமாகப் பார்த்தார். கதவு அவருக்குப் பின்னால் மூடிக்கொண்டது. உள்ளே மேசைமேல் இருந்த ஃபைலில் சமீனாவின் கையெழுத்து ஈரம் காயாமல் கிடந்தது.

சமீனா ரெஹானாவைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். அதே தண்ணீர்ப் பாட்டிலை மறுபடி நீட்டினாள்.

“அக்கா... உங்களுக்குத் தெரியுமா? முன்னாடியே?”

சமீனா வாஹித்தைப் பார்த்தாள். மறுபடி அதே சாடை. இந்தத் தடவை அதற்கு அர்த்தம், ‘இனி நீங்களே சொல்லிடுங்க’ என்பது.

வாஹித் சக்கரத்தை உருட்டிக்கொண்டு மனைவியின் எதிரே வந்து நின்றான்.

“விசாரணை அறிக்கையை மச்சி கேட்டு வாங்கிட்டு வந்து எனக்கு வாசிச்சாக. சூப்பர்வைசரு, ஜீப்பு, வளைவு. அம்மா அன்னிக்கு உன்னைய மெச்சி மெச்சிச் சொன்ன அதே பேச்சு. ரெண்டு பேருக்கும் அப்பவே வெளங்கிருச்சு.”

“அப்ப... கதவைச் சாத்திக்கிட்டு நீங்க பேசுனது...”

“ஒண்ணு அது வெளிய வராமப் போகணும், இல்ல நீ உடைஞ்சு போவே. எனக்கு இந்தத் தொகை போனாலும் பொறுத்துக்குவேன், நீ போனா முடியாது. மச்சி மாட்டேன்னுதான் சொன்னாக. எத்தனை நாளு அழுதாகன்னு எனக்குத்தான் தெரியும்.”

அவன் அவள் கையை எடுத்துத் தன் உணர்வில்லாத மடியில் வைத்துக்கொண்டான்.

“உன் பழியத் தன் தலையில போட்டுக்கிடச் சொல்லி அவுகளைக் கெஞ்சி வாக்கு வாங்கினது நான்தான்டி.”